மகளின் அறை சூடாகாத குளிர்காலம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விரி என்கிற இடத்தில் உள்ள ஒரு களஞ்சியத்தில், பெட்டிகளின் மேல் தடித்த பேனையால் இலக்கம் எழுதிப் பழகிய கை இது. எழுத்துகள் பெரிதாகவும் கோணலாகவும்தான் வருகின்றன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. பிழை கண்டால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவனுக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்று வருடங்களுக்கு முந்திய குளிர்காலத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அப்போது மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பழைய பலகை வீட்டை மோர்ட்கேஜ் எடுத்து வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நான், மனைவி, ஏழு வயது மகள். மகளுக்கு முட்டு வருத்தம். முதல் குளிர்காலத்திலேயே இரண்டு தடவை மூச்சுக்குத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டாம் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா எங்களை இருத்திவைத்துச் சொன்னார்: மருந்து பாதி வேலைதான் செய்யும், மீதியை அவள் படுக்கிற அறை செய்யவேண்டும். அறை காய்ந்திருக்க வேண்டும். ஒரே அளவு சூடாக, இருபது பாகையில் இருக்க வேண்டும். அடுத்த குளிரிலும் இப்படியே விட்டால் நிலைமை எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது.

அந்தக் கடைசி வசனத்தை நானும் மனைவியும் வீட்டில் ஒரு நாளும் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அந்த வசனத்துக்காகத்தான்.

மகளின் அறை யன்னல்கள் பழைய மரச்சட்டம். ஈரம் குடித்து ஊதிப்போய், ஒன்று திறக்காது, மற்றது பூட்டாது. காலையில் கண்ணாடியின் உட்பக்கம் தண்ணீர் வடிந்து கீழ்ச்சட்டத்தில் தேங்கி நிற்கும். ஓரமெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். ஒரு சனிக்கிழமை யன்னல் விற்கிற வெள்ளைக்காரப் பையன் ஒருவன் கதவைத் தட்டினான். முன்பக்கச் சட்டத்தில் விரலால் தேய்த்து, கறுப்பை எனக்குக் காட்டினான். வீடு முழுக்க யன்னல் மாற்ற வேண்டும் என்றும், இன்றைக்கே கையெழுத்து வைத்தால்தான் இந்த விலை என்றும் சொன்னான். மகளின் அறையை அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு மலிவாக இருப்பது நாளைக்கு ஏன் விலை கூட வேண்டும்? மனைவி வீட்டில் இல்லை, கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று அவனை அனுப்பிவிட்டேன்.

மனைவி எனக்குப் பின்னால்தான் நின்றாள்.

"நான் இஞ்ச முழுசா நிக்கிறன். ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"அவன் போகட்டும் எண்டுதான்."

"நீங்கள் ஒருத்தரையும் நம்பமாட்டியள். பிள்ளையின்ர மூச்சு தானா வரும் எண்டு மட்டும் நம்பிக்கொண்டு இருங்கோ."

அவள் சொன்னது உறைத்தது. பிறகு ஒரு மாதம் விசாரித்தேன். விசாரித்தது என்றால், மற்றவர்கள் கதைக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டேன். அப்படித்தான் அந்த மன்னார்க்காரரைப் பற்றித் தெரிய வந்தது. என்னைவிடப் பத்து வயது இளையவர். காஸ் ஹீட்டர் பூட்டுகிற லைசென்ஸ் வைத்திருந்தார். யன்னல் வேலைக்கு ஒரு கூட்டாளியும் இருந்தார். மற்றவர்கள் கேட்டதைவிடக் குறைவாகத்தான் கேட்டார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. நம்முடைய ஆள் என்றால் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. வேற்று ஆள் ஏமாற்றினால் சண்டை பிடிக்கலாம். நம்முடைய ஆள் ஏமாற்றினால் கலியாண வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும்.

வீடு முழுக்கச் செய்ய எங்களிடம் வசதி இல்லை. யன்னலா, ஹீட்டரா என்று நானும் மனைவியும் பல நாள் வாக்குவாதப்பட்டோம். கடைசியில், மகளின் அறைக்கு மட்டும் இரண்டு புதிய அலுமினிய யன்னல்கள், வீட்டுக்குத் தரைக்குக் கீழே ஒரு காஸ் ஹீட்டர் என்று முடிவானது. ஹீட்டரிலிருந்து குழாய் வழியாக ஒவ்வொரு அறையின் தரையிலும் சூட்டுக்காற்று வரும்.

மன்னார்க்காரர் வந்ததும் அதுவரை நாங்கள் அறைக்கு அறை தூக்கித் திரிந்த காஸ் போத்தில் ஹீட்டரைத்தான் முதலில் பார்த்தார்.

"அண்ணை, இதை வெளியில தூக்கி வையுங்கோ. இது எரியேக்க தண்ணியும் சேந்துதான் வரும். யன்னல்ல வடியிறது பாதி இதின்ர தண்ணிதான்."

நெருப்பிலிருந்து தண்ணீர் வருமாம். புது ஹீட்டர் பூட்டுகிறவர் பழைய ஹீட்டரைக் குறைதானே சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை நடந்த மூன்று நாளும் லீவு போட்டு நின்றேன். உதவிக்கு என்று சொன்னேன். உண்மையில் காவலுக்கு. மன்னார்க்காரருக்கு அது விளங்கியிருக்கும். "அண்ணை, அந்தக் குறட்டை எடுத்துத் தாறியளோ? சும்மா காவல் நிண்டா கால் நோகும்" என்று சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

புதிய யன்னலில், ஒரு விரல் அளவு திறந்தபடி பூட்டி வைக்கக்கூடிய கொக்கி ஒன்றைப் போட்டிருந்தார். பகலில் அப்படியே விடச் சொன்னார்.

மனைவி கேட்டாள்: "ஹீட்டரையும் போட்டு யன்னலையும் திறக்கிறதோ? தம்பி, காஸ் கொம்பனியில உங்களுக்குப் பங்கு கிங்கு இருக்கோ?"

"இருந்தா நான் ஏன் அக்கா வீட்டுக்குக் கீழ சிலந்தியோட தவழுறன்? ஈரம் வெளியில போக வழி வேணும். வீடும் மூச்சு விடத்தானே வேணும்."

அவர் போனதும் கொக்கியை இறுக்கிப் பூட்டிவிட்டேன். கள்வருக்கு ஒரு விரல் இடம் போதும்.

கடைசியாக, அறைகளுக்கு நடுவே ஓடுகிற நடையின் சுவரில், சோப்புக்கட்டி அளவு வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பூட்டினார். தெர்மோஸ்டாட். நடுவில் ஒரு திருகு. அதை இருபதில் வைத்தால், பெட்டியைச் சுற்றி இருபதுக்குக் கீழே குளிரும்போது 'டிக்' என்று ஹீட்டர் தொடங்கும். இருபதுக்கு வந்ததும் தானாக நிற்கும். பெட்டிக்குப் பின்னால் சுவரில் துளை போட்டு, கம்பியைச் சுவருக்கு மறுபக்கம் இருந்த கோட் மாட்டுகிற அலுமாரிக்குள் இறக்கி, அதன் தரை வழியாகக் கீழே கொண்டுபோனார். அலுமாரிக்குள் கோட்டுகளும் தும்புத்தடியும் இருந்ததால் கம்பி வெளியே தெரியவில்லை. நேர்த்தியான வேலை. ஹீட்டரைப் போட்டுக் காட்டினார். கால் மணித்தியாலத்தில் மகளின் அறை வெதுவெதுப்பாகிவிட்டது. மகள் தரையில் சூட்டுக்காற்று வருகிற வாய்க்கு மேல் நின்று, பாவாடை பலூன் மாதிரி ஊத, கைதட்டினாள்.

அன்று பின்னேரமே மனைவி தன் நேர்த்திக்கடனைத் தொடங்கினாள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விளக்கு அணையாமல் எரிய வேண்டும். பிள்ளை ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இந்தக் குளிர் கழிய வேண்டும். அதுவரை எங்கள் சுவாமிப் படங்கள் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேதான் இருந்தன. பலகை வீட்டில் எங்கே வைத்தாலும் காற்று புகுந்து விளக்கை அணைக்கும். காற்று புகாத இடம் அந்தக் கோட் அலுமாரி ஒன்றுதான். கோட்டுகளையெல்லாம் எங்கள் கட்டிலில் குவித்துவிட்டு, அலுமாரிக்குள் தட்டு அடித்து, படங்களை வைத்து, தகரத் தட்டில் மணல் பரப்பி, அதன் மேல் குத்துவிளக்கை வைத்து இரண்டு திரி போட்டு ஏற்றினாள். கதவைப் பாதி சாத்தி வைத்தாள். நானும் கும்பிட்டேன்.

அடுத்த நாள் காலையிலிருந்து ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை.

ஐந்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். பிறகு ஒரு மணித்தியாலம் சத்தமே இருக்காது. திருகு இருபதில்தான் நின்றது. மகளின் அறையில் என் மூச்சு புகையாகத் தெரிந்தது. யன்னல் கண்ணாடியில் பழையபடி தண்ணீர். போத்தில் ஹீட்டரை மறுபடி அவள் அறைக்குத் தூக்கிவந்தேன். தண்ணீர் இன்னும் கூடியது.

நான் நினைத்தபடியே நடந்துவிட்டது என்பதில் எனக்கு ஒரு விதமான திருப்தி கூட இருந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. வேறு வீட்டில் கழற்றிய பழைய பெட்டியைத்தான் பூட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். கண்ணாடி மட்டமானது என்று முடிவு கட்டினேன். யன்னல் ஓரத்தில் மெல்லிய கடதாசித் துண்டுகளை ஒட்டி, காற்று எங்கே புகுகிறது என்று பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அப்படியும் கண்ணாடியின் மேல் இருந்த சந்தேகம் போகவில்லை.

இரண்டு கிழமை பார்த்துவிட்டுப் போன் செய்தேன். மனைவிதான் இலக்கத்தை அழுத்தி ரிசீவரை என் கையில் திணித்தாள். மன்னார்க்காரர் வேலை முடிந்து வருகிற வழியில் வந்தார். திருகை இருபத்தைந்துக்குத் திருப்பினார். ஹீட்டர் உடனே உறுமியது. தரைக்குக் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு பிழையும் இல்லை அண்ணை. குளிர் எண்டா கொஞ்சம் கூட்டி வையுங்கோ."

அவர் நிற்கும்போது மட்டும் வேலை செய்கிற ஹீட்டர்! அவர் போனதும் திருகை மறுபடி இருபதுக்குக் கொண்டுவந்தேன். டாக்டர் சொன்னது இருபது. கூட்டிக் கூட்டி வைத்து ஒரு நாள் வீடே வெடித்தால் யார் பொறுப்பு?

பெட்டியில் இருபதுக்கு நேரே பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டேன். மறுநாள் வேலையால் வந்து பார்த்தால் திருகு கோட்டில் இல்லை. இருபத்துமூன்றில் நின்றது.

"ஆர் இதைத் தொட்டது?"

"நான்தான். பிள்ளை நடுங்குறாள்."

"சும்மா சும்மா திருப்பினா இந்தச் சாமான் பழுதாப் போகும். அதுதான் நிண்டு நிண்டு போகுது."

"அப்ப நான் திருப்ப முதல் ஏன் நிண்டது?"

 பதில் இல்லாதபோது நான் ஏதாவது செய்துவிடுவேன். களஞ்சியத்திலிருந்து பெட்டி ஒட்டுகிற தடித்த டேப்பைக் கொண்டுவந்து, திருகு அசையாதபடி இருபதில் ஒட்டிவிட்டேன். மனைவி போய் விளக்குக்கு எண்ணெய் விட்டாள்.

இருபத்தேழாம் நாள் மகளுக்கு முட்டு முற்றியது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் படியில் குந்திவிட்டாள். தோள் இரண்டும் ஏறி இறங்க, மருந்துப் பம்பை வாயில் வைத்து இழுத்து இழுத்து, பேச்சு வராமல் என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். டாக்டர் அம்மா அறையைப் பற்றிக் கேட்டார். "புதுசா ஹீட்டர் பூட்டியிருக்கிறம்" என்றேன். அவர் என்னை நம்பாத மாதிரி எனக்குப் பட்டது.

மகள் வீட்டுக்கு வந்த அன்று, மனைவி குத்துவிளக்கின் ஐந்து முகத்திலும் திரி போட்டாள். "ரெண்டு திரி போதாமல் போச்சுதாக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஹீட்டர் ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை.

நாலைந்து நாள் போயிருக்கும். மத்தியானம் வேலை முடிந்து வந்தேன். மனைவி பால் வாங்கப் பக்கத்து டெய்ரிக் கடைக்குப் போக நான் வரும்வரை காத்துநின்றாள். அவள் போனதும் மகளின் அறையைப் பார்த்தேன். கட்டில் வெறுமையாக இருந்தது. அறை ஐஸ் மாதிரி. குசினியில் இல்லை, குளியலறையில் இல்லை. கூப்பிட்டேன். நடையில் அலுமாரிக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

கதவை இழுத்தேன். விளக்குக்கு ஒரு முழம் தள்ளி, முழங்காலை மடித்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு கதைப் புத்தகத்தோடு இருந்தாள்.

"நெருப்பு! வெளியில வா!"

"இட்ஸ் வோர்ம் இன் ஹியர், அப்பா." எழும்பவே இல்லை. பிறகு, கோபத்தில் மட்டும் வருகிற அவளுடைய தமிழில் கேட்டாள்: "சாமிக்கு மட்டும் ஏன் ஹீட்டர்?"

அவளைத் தூக்கி வெளியே விட்டேன். தீ பிடிக்குமோ என்ற பயத்தில் அலுமாரிச் சுவரைத் தடவிப் பார்த்தேன். சுட்டது என்று சொல்ல முடியாது. காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரி இருந்தது. மேலே, கம்பி போகிற துளை. கம்பியைவிடத் துளை பெரிது. விளக்கின் புகை ஒரு நூல் மாதிரி எழும்பி நேரே அந்தத் துளைக்குள் போய்க்கொண்டிருந்தது. சுற்றி நடைப் பக்கம் வந்தேன். துளையின் மறு வாயில் அந்த வெள்ளைப் பெட்டி. தொட்டேன். இளஞ்சூடு.

ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதுமாக இருந்தது. பெட்டிக்கு அறைக் குளிர் தெரியவே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் அலுமாரிக்குள் இருந்த சூடுதான். 'வீடு சூடாக இருக்கிறது, போதும்' என்று அது ஹீட்டரை நிறுத்திக்கொண்டே இருந்தது. அதைத் தாண்டித் திருகைக் கூட்டிவைக்க மனைவி பார்த்தாள். நான் டேப் ஒட்டினேன்.

டேப்பை உரித்தேன். பசை விடாமல் ஒட்டியிருந்ததால் பெட்டியின் பூச்சும் சேர்ந்து வந்தது. திருகை முப்பதுக்குத் திருப்பினேன். ஹீட்டர் தொடங்கியது. மனைவி பாலோடு வந்து, "இதென்ன புதினம், ஓடுது!" என்றாள்.  எப்படிச் சொல்வேன்? பிள்ளை மூச்சு விட வேண்டும் என்று அவள் தூக்கம் முறித்து எண்ணெய் விட்ட விளக்குத்தான் பிள்ளையின் அறையைக் குளிர வைத்தது என்று எந்த வாயால் சொல்வது? நேர்த்தி முடிய இன்னும் பதின்மூன்று பதினாலு நாள் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் கிளென்ஃபீல்டில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். விளக்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அன்றைக்கு நானே இலக்கத்தை அழுத்தினேன்.

மன்னார்க்காரர் அலுமாரியைத் திறந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, விளக்கைப் பார்த்தார், துளையைப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"சொல்லப்போறியளோ?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அண்ணை, துளையை நான் அடைச்சிருக்க வேணும். கோட் அலுமாரிதானே எண்டு விட்டிட்டன். அது என்ர பிழைதான். பெட்டியைப் பிழையான இடத்தில பூட்டிப்போட்டான் எண்டு அக்காட்டச் சொல்லுங்கோ. என்ர தலையில போடுங்கோ."

"நீங்கள் ஏன் தம்பி..."

"விளக்கைத் தூக்குங்கோ எண்டு நான் ஒரு வீட்டிலயும் சொல்லமாட்டன். எங்கட வீட்டிலயும் மாதாவுக்கு முன்னால மெழுகுதிரி எரியுதுதானே. பெட்டி எங்கயும் போகும்."

பெட்டியைக் கழற்றி நடையின் எதிர்ச்சுவரில், மகளின் அறை வாசலுக்குப் பக்கத்தில் பூட்டினார். துளையை அடைத்தார். பூச்சு உரிந்த இடத்தைப் பார்த்து, "இதென்ன, காவல்காரர் வேலையோ?" என்று மட்டும் கேட்டார். போகும்போது, மகளின் யன்னலை ஒரு விரல் அளவு திறந்து கொக்கியை மாட்டினார். போத்தில் ஹீட்டரை நானே தூக்கிக் கராஜில் வைத்தேன். அவர் கூலி வாங்கவில்லை. அதற்கும் ஏதாவது காரணம் இருக்கும் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பின்னேரம் மனைவி வந்தாள். பெட்டி இடம் மாறியிருந்ததைக் கண்டு ஏன் என்று கேட்டாள். "அவர் பிழையான இடத்தில பூட்டிப்போட்டார்" என்றேன். அவர் சொல்லித் தந்த வசனம்தான். என் வாயிலிருந்து தடங்கல் இல்லாமல் வந்தது.

அந்தக் குளிரில் மகள் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுத்த குளிரிலும் இல்லை. அறை காய்ந்து கிடந்தது; யன்னல் கண்ணாடி காலையில் தெளிவாக இருந்தது. நாற்பத்தெட்டாம் நாள் மனைவி பொங்கிப் படைத்து நாலு குடும்பத்தைக் கூப்பிட்டாள். அவர்களில் ஒரு அம்மா, ஹீட்டர் போட யோசிப்பதாகச் சொன்னார்.

"அந்த மன்னார்ப் பெடியனிட்ட மட்டும் குடுத்திடாதேங்கோ," என்றாள் மனைவி. "பெட்டியைப் பிழையா பூட்டி என்ர பிள்ளையைக் கொல்லப் பாத்தவர். விளக்குத்தான் காப்பாத்தினது."

நான் வடைத் தட்டோடு பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டை நீட்டினேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வீட்டில் அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். எத்தனை வேலை அவருக்குத் தவறிப்போனது என்று எனக்குத் தெரியாது. கடைத்தெருவில் இரண்டு தடவை கண்டிருக்கிறேன். இரண்டு தடவையும் "பிள்ளை எப்பிடி அண்ணை?" என்றுதான் கேட்டார். என்றைக்காவது ஒரு நாள் உண்மையைப் போட்டு உடைப்பார் என்று அவரையும் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவர் உடைக்கவில்லை.

நேற்று கிளென்ஃபீல்ட் அக்கா போனில் வந்தார். அவர்களும் ஹீட்டர் போடப்போகிறார்களாம். மன்னார்க்காரரிடம் விலை கேட்டிருக்கிறார்களாம். மனைவி பழைய கதையைத் தொடங்கினாள். அக்கா, நாளைக்கு அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றாராம். மகளுக்கு இப்போது பத்து வயது. பக்கத்து அறையில் வீட்டுப் பாடம் செய்துகொண்டிருந்தாள். அவள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. சத்தமில்லாத மூச்சு.

இன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். தலைவலி என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். நேரே சொல்லப் போனால் எனக்கு வாய் வராது. வந்ததும் இந்தத் தாள்களை மனைவியின் கையில் கொடுத்து, அக்கா அவருக்கு வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் இதை வாசித்துவிட்டு அக்காவுக்குப் போன் எடு என்று சொல்லப்போகிறேன். அவள் எவ்வளவு கோபித்தாலும் நியாயம்தான்.

1999ஆம் ஆண்டு ஆவணி மாதம் 15ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.